நிறுக்காத மீன்

தருமபுரியில் எனக்குத் தராசுக் கடை. விற்பதைவிடப் பழுது பார்ப்பதுதான் அதிகம். பட்டுக்கூடு அங்காடிக்கு வருகிறவர்கள், பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர்கள், பூக்கடைப் பெண்கள், புளி வியாபாரிகள் என்று 22 ஆண்டுகளாக இந்த மாவட்டத்து எடையெல்லாம் என் கைவழியாகத்தான் போகிறது என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. 5 கிராம் கூடுகிறது, 10 கிராம் குறைகிறது என்று ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு படியேறினால், அந்த நாள் எனக்கு நல்ல நாள்.

அப்படிப்பட்டவன், வாழ்நாளில் கண்ணால் பார்த்த மிகப் பெரிய மீனை நிறுக்காமல் விட்டுவிட்டு வந்தேன். அதுவும், நான் இருந்த படகில், நானும் கொஞ்ச நேரம் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்த மீன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். தராசுக்காரனிடம் வேறு என்ன கேட்பார்கள்?

கதை கடலில் தொடங்கவில்லை, ஒகேனக்கல்லில் தொடங்குகிறது.

என் அப்பா ஊட்டமலைக்காரர். ஒகேனக்கல்லில் பரிசல் தள்ளியவர், சுற்றுலாக் கூட்டம் இல்லாத நாட்களில் மீன் பிடித்தவர். மூங்கில் பிளாச்சுப் பின்னலுக்கு மாட்டுத்தோல் போர்த்திய பரிசலில் தொடங்கி, பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசிய பரிசல் வரை பார்த்துவிட்டார். கெண்டை, கெளுத்தி, அரஞ்சான், கட்லா, ஜிலேபி என்று அந்தக் காவிரியில் கிடைப்பதெல்லாம் அவர் கையில் கிடைத்திருக்கிறது. ஆனால் அவர் சொல்வது ஒரே ஒரு மீனைப் பற்றித்தான். மேட்டூர் 120 அடியைத் தொட்ட ஒரு வருடத்தில் பாறை இடுக்கில் போட்ட இரவுத் தூண்டிலில் சிக்கிய வாளை.

நான் சிறுவனாக இருந்தபோது அந்த வாளை 20 கிலோ. ஆறாம் வகுப்பு போனபோது 25. தங்கைக்குக் காது குத்தியபோது, ஓசூரிலிருந்து வந்த உறவினர்கள் நடுவில் அது 30 கிலோவைத் தாண்டியது. நீளமும் கூடவே வளர்ந்தது. இடுப்பு உயரம் நெஞ்சு உயரமாகி, ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. செத்த மீன் வளர்வதை எங்கள் வீட்டில்தான் பார்க்கலாம் என்று அம்மா சொல்வாள்.

தராசு வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கிய புதிது. 19 வயது. தொழில் பாதி தெரிந்த எல்லோருக்கும் இருக்கும் திமிர் எனக்கும் இருந்தது. பெண்ணாகரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்தில், பந்தியில் பத்துப் பேர் நடுவே அப்பா வாளையை 45 கிலோ ஆக்கியபோது, "எந்தத் தராசில் போட்டீர்கள்? முத்திரை போட்ட தராசா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் அந்த மீனைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டது சரியான கேள்விதான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த நாகப்பட்டினத்துப் பையனை விரும்பினாள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை. அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. திருமணம் நடந்தது. இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய் அவருடைய அப்பாவின் ஃபைபர் படகில் ஏறிவிட்டார். மலங்காட்டில் பிறந்த என் தங்கை இப்போது காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறாள்.

போன வருடம் மே மாதக் கடைசியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிட்டது. கையில் மாப்பிள்ளைக்கு ஒரு பரிசு எடுத்துப் போயிருந்தேன். கொக்கியோடு கூடிய மின்னணுத் தொங்கு தராசு. 50 கிலோ வரை தாங்கும். புத்தம் புதிது. தராசுக்காரன் வேறு என்ன கொடுப்பான்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம் என்று தடை. துறைமுகத்தில் அவை தோளோடு தோள் ஒட்டிக் கட்டிக் கிடந்தன. இந்தத் தடை ஃபைபர் படகுக்கு இல்லை. வரத்துக் குறைவதால் கரையில் விலை நிற்கும். அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்குக் கையில் காசு பார்க்கும் காலம். அதனால் விருந்தாளி வந்திருக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டில் உட்கார முடியாது. "மச்சான், நீங்களும் வாருங்கள்" என்றார். தங்கை முறைத்தாள். நான் போனேன்.

இரவு 2 மணிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், நான். மாப்பிள்ளையின் அப்பாவை மாமா என்றுதான் நானும் கூப்பிடுவேன். 60 வயதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், என்னை உட்காரவைத்துவிட்டு, "தம்பி, குமட்டினால் காற்று போகிற பக்கமாகப் பார்த்து எடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரத்தில் அந்த அறிவுரை பயன்பட்டது. ஒகேனக்கல் சுழியில் பரிசல் சுற்றியபோதெல்லாம் சிரித்தவன் நான். ஆற்றுத் தண்ணீர் வயிற்றைச் சுற்றும், கடல் தண்ணீர் வயிற்றைத் தூக்கித் தூக்கிப் போடும். இரண்டும் வேறு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சினை நிறுத்தினார்கள். "இருபது பாகம்" என்றார் மாமா. பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு நுனிவிரலிலிருந்து மறு நுனிவிரல் வரை உள்ள நீளம். ஏறக்குறைய 6 அடி. ஆழத்தை அதில்தான் சொல்கிறார்கள். எனக்குத் தொழில்புத்தி உடனே அரித்தது. யாருடைய கை? மாமா என்னைவிட அரை அடி உயரம். அவருடைய இருபது பாகமும் பக்கத்து வீட்டுப் பையனுடைய இருபது பாகமும் ஒன்றாகுமா? கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வேறு எதுவோ வந்துவிடும் நிலையில் இருந்தேன்.

வலையில் பெரிதாகப் பாடு இல்லை. கொஞ்சம் கானாங்கெளுத்தி, இரண்டு பாறை மீன். விடிந்து கடல் வெள்ளி நிறத்துக்கு வந்ததும் உயிரோடிருந்த கானாங்கெளுத்திகளை எடுத்துக் கொக்கியில் மாட்டி நரம்பை விட்டார்கள். கொக்கியை முதுகுத் துடுப்புக்கு முன்னால் தோலோடு மட்டும் கோத்தார் மாப்பிள்ளை. மீன் சாகாமல் நீந்த வேண்டும், நீந்தினால்தான் பெரிய மீன் பார்க்கும். வஞ்சிரம் வரும் என்பது எதிர்பார்ப்பு. விரல்களில் பழைய சைக்கிள் டியூப்பை வளையம் வளையமாக வெட்டி மாட்டியிருந்தார்கள். எதற்கென்று முக்கால் மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

நரம்பு ஓடத் தொடங்கியது. சத்தம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. படகின் விளிம்பில் உரசிக்கொண்டு நைலான் நரம்பு ஓடும்போது, பட்டுத்துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற ஒரு சீற்றம். மாப்பிள்ளை பிடிக்கவில்லை, விரல்களுக்கு நடுவே ஓடவிட்டார். மாமா கை ஒன்று இரண்டு என்று எண்ணுவதுபோல் அசைந்தது. பிறகு "ம்" என்றார். மாப்பிள்ளை நரம்பை இறுக்கி, உடம்போடு பின்னால் சாய்ந்தார்.

60 அடி தூரத்தில் கடல் பிளந்து அது வெளியே வந்தது.

முழுசாக வெளியே வந்தது. ஈட்டி போன்ற அலகு முதலில். பிறகு உடல். முதுகில் ஒரு விசிறி விரிந்திருந்தது, உடலின் அகலத்தைவிட உயரமான கருநீல விசிறி, அதில் புள்ளிகள். பக்கவாட்டில் நீலக் கோடுகள், விளக்கு உள்ளே எரிவது போல. தலையை இரண்டு முறை வெட்டியது. திரும்ப விழுந்தது. இதெல்லாம் ஒரு கண் சிமிட்டலுக்குள்.

"மயில் மீன்" என்றான் பையன். மாமா முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது இழுத்தால் விட வேண்டும், நின்றால் வாங்க வேண்டும். வேறு வித்தை எதுவும் இல்லை. ஆனால் எப்போது விடுவது, எப்போது வாங்குவது என்பதை நரம்பு சொல்ல வேண்டும், கை கேட்க வேண்டும். மாப்பிள்ளையும் பையனும் மாறி மாறிப் பிடித்தார்கள். மாமா எஞ்சினைப் போட்டுப் படகின் முகத்தை மீன் போகும் பக்கமே வைத்துக்கொண்டார். நடுவில் மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நரம்பை என் கையில் கொடுத்தார்.

நரம்பில் ஒரு துடிப்பு இருந்தது. தராசில் எடை வைத்ததும் எண்கள் நிலைகொள்ளாமல் துள்ளுமே, அந்தத் துள்ளல் கைக்குள் வந்ததுபோல். ஆர்வக்கோளாறில், வழுக்காமல் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அதுவரை "தம்பி, வாருங்கள், இருங்கள்" என்று பேசிய மாமா மரியாதையைக் கடலில் போட்டுவிட்டு, "கையில் சுற்றாதே! விடு! விடுடா!" என்று கத்தினார். விட்டேன். விட்ட அதே நொடி மீன் ஓடியது. உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, சூட்டுக்கோல் வைத்ததுபோல். சுற்று இருந்திருந்தால் விரல் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. ஆயுள் ரேகையைக் குறுக்கே வெட்டுகிறது என்று என் மனைவிக்குக் கவலை.

கடைசியில் அது படகின் பக்கவாட்டில் சாய்ந்து வந்தபோது கொக்கிக் கம்பைப் போட்டு, மூன்று பேர் சேர்ந்து உள்ளே உருட்டினார்கள். கட்டையால் தலையில் இரண்டு அடி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததைச் சரியாக எழுதிவிட வேண்டும். விசிறி மடங்கி, முதுகிலேயே ஒரு பள்ளம் இருந்தது, அதற்குள் போய் மறைந்துகொண்டது, சூரிக்கத்தி உறைக்குள் போவதுபோல். நீலக் கோடுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு பக்கத்தில் செம்பு நிறம் படர்ந்து வந்தது. பின்பு அதுவும் அடங்கி, வால் பக்கமிருந்து சாம்பல் ஏறத் தொடங்கியது. கண் மட்டும் கடைசி வரை மாறவில்லை. எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கண். ஐந்து நிமிடம் இருக்கலாம், மயில் நிறத்தில் வந்த மீன் அடுப்புக்கரி நிறத்தில் கிடந்தது. படகில் யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கு அது தெரிந்ததுதான். மாமா பெட்ரோல் கேனை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் மீன் பின்னால் ஓடிய கணக்கு அவருக்கு. "இதற்குப் பத்து வஞ்சிரம் வந்திருக்கலாம்" என்றார்.

திரும்பும்போது எனக்கு வேலை இல்லை. அறுந்து கிடந்த தடித்த நரம்பு ஒன்றை எடுத்தேன். மீனின் கீழ்த்தாடையிலிருந்து வாலின் பிளவு வரை பிடித்து ஒரு முடிச்சு. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை பிடித்து இன்னொரு முடிச்சு. பிறகு உடலின் பருத்த இடத்தைச் சுற்றி, மூன்றாவது முடிச்சு. பையன் விநோதமாகப் பார்த்தான். சுற்றளவு எதற்கு என்றால், எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாட்டை அப்படித்தான் நிறுப்போம். மாட்டுக்குத் தராசு எங்கே இருக்கிறது? நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோக் கணக்கில் எடை வரும். கால்நடை மருத்துவர்களுக்கும் கடன் கொடுக்க வருகிற வங்கிக்காரர்களுக்கும் தெரிந்த கணக்கு.

கரையில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், தங்கை வீட்டுக்கு ஓடியது. பையில் இருந்த தொங்கு தராசை எடுத்து, மின்கலம் போட்டு, சுழியத்தைச் சரிபார்த்து (சரிபார்க்காமல் என்னால் ஓட முடியாது), திரும்ப மணலில் ஓடினேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஏலம் முடிந்திருந்தது. அங்கே பெரிய மீனைத் தராசில் போட்டு விற்பதில்லை. மணலில் கிடத்துகிறார்கள், ஏலம் கூறும் பெண்மணி ஒருவர் காலால் லேசாகப் புரட்டிப் பார்க்கிறார், ஒரு தொகையில் தொடங்குகிறார், சுற்றி நிற்பவர்கள் தலையசைப்பிலும் விரலசைப்பிலும் ஏற்றுகிறார்கள், முடிந்துவிடுகிறது. மயில் மீன் 9,200 ரூபாய்க்குப் போயிருந்தது. வாங்கியவருடைய குட்டியானை வண்டியில் ஐஸ் பெட்டிக்குள் அது நீளவாக்கில் அடங்கவில்லை என்பதால், நான் போய்ச் சேர்ந்தபோது தலை தனியாக, உடல் மூன்று துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டு ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது.

நான் தராசோடு நின்றேன். வாங்கியவர் நல்ல மனிதர். "அண்ணா, வேண்டுமானால் தலையை நிறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நிறுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

அன்று மதியம் தங்கை கானாங்கெளுத்திக் குழம்பு வைத்தாள். மயில் மீனில் ஒரு துண்டுகூட நான் சாப்பிடவில்லை என்பதை ஊரில் யாரும் நம்புவதில்லை.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாடையிலிருந்து வால் பிளவு வரை 84 அங்குலம், 7 அடி. முழு நீளம் 114 அங்குலம், 9½ அடி. சுற்றளவு 28 அங்குலம். மாட்டுக் கணக்கில் போட்டேன். 28-ஐ 28-ஆல் பெருக்கி, 84-ஆல் பெருக்கினால் 65,856. 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100 கிலோ!

தூண்டிலில் பிடித்த மீன்களுக்கென்று உலக அளவில் சாதனைக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். இந்து, பசிபிக் கடல் மயில் மீனுக்கு அதில் இருக்கும் எடை 100.24 கிலோ. 1947-ஆம் ஆண்டு ஈக்வடார் கடலில் பிடித்தது. கைபேசியில் அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலக சாதனைக்கு அரை கிலோதான் பாக்கி என்று ஒரு கால் மணி நேரம் நான் நம்பினேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டும் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். மூன்று பேர் உருட்டிப் போட்ட மீன் அது, நூறு கிலோவைக் கொக்கியில் மாட்டி அப்படி உருட்ட முடியாது என்பது அவருடைய முதுகுக்குத் தெரியும்.

பிறகுதான் உறைத்தது, மீன் மாடு அல்ல. மாட்டின் உடம்பு பீப்பாய். முன்னும் பின்னும் ஒரே பருமன். மீன் நடுவில் மட்டும் பருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிப் போகிறது. அதனால் மீனுக்கு வேறு வகுத்தல். தூண்டில்காரர்கள் பல காலமாக வைத்திருக்கும் கணக்கில், அதே பெருக்கலை 800-ஆல் வகுத்தால் பவுண்டுக் கணக்கில் எடை வரும். அப்படிப் போட்டால் 82 பவுண்டு சொச்சம், அதாவது 37 கிலோ. நீளத்துக்கு அலகையும் வால் நுனியையும் சேர்த்து 114 என்று போட்டால் அதுவே 50 கிலோவைத் தாண்டிவிடும். வெறும் எலும்பு ஈட்டிக்கு 13 கிலோ. சாதனைக் கணக்கு எழுதுகிறவர்கள் எடையைத் தராசில்தான் எடுக்கிறார்கள். எங்களைப்போல் நூலால் அளப்பவர்களுக்குத்தான் இந்தத் தடுமாற்றம்.

37 என்று வந்ததும் எனக்குள் இன்னொன்று இடித்தது. அன்று மயில் மீன் கிலோ 250 ரூபாய் வாக்கில் போய்க்கொண்டிருந்தது என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். 9,200-ஐ 250-ஆல் வகுத்துப் பாருங்கள். 36.8. காலால் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்த அந்த அம்மாவும், தலையசைத்த நான்கு பேரும், தராசு இல்லாமல், நூல் இல்லாமல், பெருக்கல் இல்லாமல் அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார்கள். தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாளும் மூன்றாம் நாளும் விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்றேன். சிறிய மீன்களைத் தொகையாக ஏலம் எடுத்தவர்களிடம், கெஞ்சாத குறையாக என் தொங்கு தராசில் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். அந்த அம்மா "எடுத்துப் பாருங்கள் தம்பி, எனக்கும் தெரியட்டும்" என்று சிரித்தார். அவர் வாயில் சொன்ன எடைக்கும் என் தராசுக்கும் 20 கிலோ மீனில் அரை கிலோ, முக்கால் கிலோ வித்தியாசம். அவருக்கு முத்திரை யார் போடுவது?

எங்கள் தொழிலில் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசு முத்திரை வேண்டும். ஆண்டு முழுவதும் அது சரியாகத்தான் காட்டும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. கடலோரத்தில் நான் பார்த்த ஒரு பிளாட்ஃபார்ம் தராசில், எடையை உணரும் அலுமினியப் பாகத்தை உப்பு அரித்துப் பூ பூத்துப் போயிருந்தது. அதை வைத்திருந்தவர் அதில் காட்டும் எண்ணைப் பார்ப்பதே இல்லை. மீனைத் தூக்கி வைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எண் வாடிக்கையாளருக்காக.

இந்த மயில் மீனைப் பற்றி ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். எங்கே பார்த்தாலும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும், உலகின் வேகமான மீன் என்று இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஃபுளோரிடாவில் ஒரு மீன்பிடி முகாமில் தூண்டிலில் மாட்டிய மயில் மீன் ஒன்று 3 நொடியில் 91 மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியதாம். அதை மணிக்கு இவ்வளவு என்று பெருக்கியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் கடலில் நேரடியாக அளந்தபோது, இரையைத் துரத்திப் பாயும் உச்ச வேகமே மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில்தான் வந்தது. எல்லோரும் அந்த 110-ஐத்தான் இன்னும் சொல்கிறார்கள். நானும் கடையில் அதைத்தான் சொல்கிறேன். 30 என்றால் யார் நின்று கேட்பார்கள்? தருமபுரி டவுன் பஸ்ஸே அதைவிட வேகம்.

தருமபுரிக்கு வந்ததும் முதலில் கேட்டவருக்கு 37 என்று சொன்னேன். "நிறுத்தீர்களா?" என்றார். இல்லை, கணக்கு என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது ஆளுக்கு "நாற்பதுக்குப் பக்கம்" என்றேன். ஆயுத பூஜைக்கு வந்தவர்களிடம் நாற்பதைத் தாண்டியிருந்ததாக என் மகன் சொல்கிறான். பொங்கலன்று அலகையும் சேர்த்து 9½ அடி என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, "அம்பது இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நரம்பு கையில் இழுத்தபோது இருந்த கனத்தை 37 என்ற எண்ணுக்குள் எப்படி அடைப்பது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் காவிரியிலேயே பெரிய மீனுக்கு எழுதி வைத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 1946 மார்ச் 22 அன்று, காவிரியின் துணையாறான கபினியில் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்த திமில் மகசீர், 120 பவுண்டு, 54 கிலோ. அதை நிறுத்தார்கள், எழுதினார்கள், இன்றும் அது நிற்கிறது. அந்த மீன் இனத்துக்கு அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது, அதே ஆண்டில் மிகவும் அருகிவிட்ட இனம் என்ற பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். பெரிய வாளைகளும் இப்போது ஒகேனக்கல்லில் பேச்சில்தான் இருக்கின்றன. மீன் வறுத்து விற்கும் கடைகளில் தட்டில் கிடப்பது பெரும்பாலும் கை அகல ஜிலேபியும் கட்லாத் துண்டும்தான். ஆனால் வாளை 2 மீட்டருக்கு மேல் வளரும் இனம் என்று மீன் நூல்களில் இருக்கிறது. அதை நான் படித்தது போன மாதம். அப்பா சொன்னது 30 வருடத்துக்கு முன்பு.

போன ஞாயிற்றுக்கிழமை ஊட்டமலைக்குப் போனேன். அப்பா வாசலில் கட்டிலில் இருந்தார். கண்பார்வை மங்கிவிட்டது, கை இன்னும் உறுதி. சட்டைப்பையிலிருந்து அந்த நரம்புச் சுருளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார்.

"தடித்த நரம்பு. கடல் நரம்பா?"

"ஆமாம் அப்பா. முடிச்சுப் பாருங்கள். நுனியிலிருந்து முதல் முடிச்சு சுற்றளவு. இரண்டாவது தாடையிலிருந்து வால் வரை."

ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தார். திண்ணையிலிருந்து வேப்பமரம் வரை நரம்பு நீண்டது. விரலால் உருவிக்கொண்டே போய் இரண்டாவது முடிச்சில் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"என் வாளை இதற்கு நான்கு விரல் குறைவு" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த மீன் குறைந்தது அதுதான் முதல் முறை. எனக்கு ஏதோ போல் ஆகிவிட்டது. "சுற்றளவு?" என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் வளைத்து, விரல் நுனிகள் தொடாமல், நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுக் காட்டினார். அளக்கவில்லை. எண்ணும் கேட்கவில்லை.

இரண்டாவது முடிச்சிலிருந்து நான்கு விரல் உள்ளே வைத்துப் பார்த்து, அங்கே தம்முடைய மீனுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். போடுவதற்கு முன்பு நரம்பை ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்துக்கொண்டார். நைலான் இழுத்தால் நீளும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என் பக்கத்து நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.